எடை எங்கே இறங்குகிறது?

ஜிம்னி வாங்கிய கையோடு பலரும் கேட்கும் கேள்வி: “ராக் ஸ்லைடர் போடலாமா? எது நல்லது?” பிராண்டு, விலை எல்லாம் பிறகு இருக்கட்டும். டீயைக் கையில் எடுத்துக்கொள்ளுங்கள். வண்டிக்கு அடியில் என்ன நடக்கிறது என்பதை முதலில் பார்த்துவிடுவோம். அது விளங்கிவிட்டால் கடைக்காரர் சொல்வதில் எது சரி, எது சரியில்லை என்று நீங்களே பிரித்தறிவீர்கள்.

கதவைத் திறந்தால் காலுக்குக் கீழே, முன் சக்கரத்திலிருந்து பின் சக்கரம் வரை ஒரு விளிம்பு ஓடுகிறது. பட்டறைகளில் அதை ராக்கர் பேனல் என்கிறார்கள். மெல்லிய தகடுகளை மடித்து, ஒன்றோடொன்று ஒட்டவைத்துச் செய்த பெட்டி அது. கதவுகள் ஒழுங்காக மூடுவதும், பக்கவாட்டில் ஒரு வண்டி மோதினால் உள்ளே இருப்பவர்கள் தப்புவதும் அந்தப் பெட்டி நேராக இருப்பதைப் பொறுத்தது. பம்பர் நசுங்கினால் கழற்றி வேறு மாட்டலாம். ராக்கர் பேனல் நசுங்கினால் வெட்டி, வெல்டு வைத்து, டிங்கரிங் பார்த்துத்தான் மீட்க வேண்டும். ஆலையில் செய்த நேர்த்தி அதன் பிறகு முழுமையாகத் திரும்புவது அரிது. வெடித்த பெயின்ட் வழியே தண்ணீர் இறங்கித் துருவும் தொடங்கிவிடும்.

சரி, கல் அங்கே ஏன் படுகிறது? ஐந்து கதவு ஜிம்னி 2023 ஜூனில் இங்கே விற்பனைக்கு வந்தது. முன் அச்சுக்கும் பின் அச்சுக்கும் இடைத்தூரம் 2590 மி.மீ. வெளிநாடுகளில் 2018 முதல் ஓடும் மூன்று கதவு ஜிம்னியில் அது 2250 மி.மீ.தான். தரையிலிருந்து உயரம் இரண்டுக்கும் ஒன்றே, 210 மி.மீ. ஆனால் நடுவயிறு தட்டாமல் கடக்கக்கூடிய மேட்டின் கோணம் 28 டிகிரியிலிருந்து 24 டிகிரியாக இறங்கிவிட்டது. சக்கரங்கள் விலக விலக, நடுவில் இருக்கும் பகுதி கல்லுக்கு எளிதாக அகப்படும். 2450 மி.மீ. இடைத்தூரமுள்ள மூன்று கதவுத் தார் வண்டியைவிட, 2850 மி.மீ. உள்ள தார் ராக்ஸுக்கு இந்தக் கவலை கூடுதல்.

பழகிய ஓட்டுநர் கல்லை இரண்டு சக்கரத்துக்கும் நடுவில் விட மாட்டார். டயரைக் கல்மேலேயே ஏற்றுவார். டயர் ஏறினால் வண்டி முழுவதும் உயர்கிறது. ஆனால் சூரியநெல்லியிலிருந்து கொழுக்குமலைக்கு ஏறும் பாதையைப் போன்ற கல்தடத்தில், மழை ஈரத்தில், கல்மேல் நிற்கும் டயர் பக்கவாட்டில் வழுக்கி இறங்கும். அந்தக் கணத்தில் வண்டியின் ஒரு பக்கம் அப்படியே பாறைமேல் உட்காரும். ராக்கர் பேனலை ஒட்டி மாட்டும் இரும்புப் பைப்பான ராக் ஸ்லைடர் அந்தக் கணத்துக்காகச் செய்யப்பட்டது. பாறையின்மேல் உட்கார்ந்து, சறுக்கி, வண்டியை மறுபுறம் இறக்கிவிட வேண்டியது அதன் வேலை.

கலிஃபோர்னியாவின் ரூபிகான் டிரெயில் போன்ற பாறைத் தடங்களில் ஓட்டுகிறவர்கள் இதை இன்னொரு விதமாகவும் பயன்படுத்துகிறார்கள். குறுகலான திருப்பத்தில் ஸ்லைடரைப் பாறைமேல் சாய்த்து, அதையே சுழல்முனையாக வைத்து வண்டியின் பின்பக்கத்தைத் திருப்புவார்கள். ஜீப் நிறுவனம் அந்தத் தடத்தின் பெயரைச் சூட்டி 2003 மாடலாக ராங்ளர் ரூபிகானைக் கொண்டுவந்தபோது, பக்கவாட்டுக் காப்புத் தகடுகளை ஆலையிலேயே பொருத்திக் கொடுத்தது.

இனி முக்கியமான இடத்துக்கு வருவோம். ஃபுட் ஸ்டெப்பும் ஸ்லைடரும் பார்வைக்கு ஒன்றுபோல் இருக்கும். ஃபுட் ஸ்டெப் ஒரு மனிதர் ஏறி நிற்கச் செய்தது. பெரும்பாலும் பாடியின் அடித்தகட்டில் சிறு பிராக்கெட்டுகளால் மாட்டியிருக்கும். ஜிம்னியின் எடை ஏறத்தாழ 1200 கிலோ. ஒரு பக்கம் பாறைமேல் உட்கார்ந்தால் 600 கிலோ, விழுந்த வேகத்தில் அதைவிடப் பல மடங்கு விசை அங்கே இறங்கும். ஃபுட் ஸ்டெப் அப்போது மேல்நோக்கி மடங்கி, எதைக் காக்க வேண்டுமோ அதையே குத்திக் கிழிக்கும். ஆகவே ஸ்லைடர் பாடியைப் பிடித்திருக்கக் கூடாது. சேஸிஸைப் பிடித்திருக்க வேண்டும். சப்பரம் தூக்குகிறவர்கள் தண்டைத்தான் தோளில் ஏந்துவார்கள், அலங்காரத் தட்டியைப் பிடித்துத் தூக்குவதில்லை. ஜிம்னி, தார் போன்ற வண்டிகளில் ஏணிபோன்ற சேஸிஸ் தனியாக இருக்கிறது; அதுவே தண்டு. டஸ்டர் போன்ற மோனோகாக் வண்டிகளில் தனிச் சேஸிஸ் கிடையாது என்பதால், இந்த முறையில் ஸ்லைடர் போட அங்கே வழியில்லை.

சேஸிஸுக்கும் பாடிக்கும் நடுவில் ரப்பர் மவுன்ட்டுகள் உண்டு. மேடுபள்ளத்தில் இரண்டும் தனித்தனியே சற்று அசையும். ஸ்லைடரின் ஒரு முனையைச் சேஸிஸிலும் இன்னொரு முனையைப் பாடியிலும் கட்டினால் இந்த அசைவு தகட்டைப் பிய்த்துவிடும். ஸ்லைடருக்கும் ராக்கர் பேனலுக்கும் இடையே ஒரு விரல் நுழையும் இடைவெளி, ஏறத்தாழ 15 முதல் 25 மி.மீ. வரை, கட்டாயம் வேண்டும். எடை ஏறும்போது ஸ்லைடர் சற்று வளைய அந்த இடம் தேவை.

சேஸிஸிலிருந்து வெளியே நீளும் கால்கள் ஒரு பக்கத்துக்குக் குறைந்தது மூன்று இருக்க வேண்டும், நான்கு என்றால் நல்லது. பாறை வெளிமுனையை மேலே தள்ளும்போது, காலின் மறுமுனையிலுள்ள தகட்டில் கீழ்வரிசை போல்ட்டுகளை வெளியே பிடுங்கும் இழுவிசை உண்டாகிறது; மேல்விளிம்பு சேஸிஸை உள்ளே அழுத்துகிறது. அதனால் அந்தத் தகடு சேஸிஸின் பக்கச்சுவரில் நல்ல உயரத்துக்குப் பரவியிருக்க வேண்டும். உயரம் குறைந்தால் போல்ட்டின் மேல் இழுப்பு கூடும். தகட்டின் கனம் 5, 6 மி.மீ. இருப்பது பாதுகாப்பு.

போல்ட்டா, வெல்டிங்கா? நம் வண்டிகளுக்கு என் பரிந்துரை போல்ட்தான். சேஸிஸில் ஆலையே விட்டிருக்கும் மரையுள்ள துளைகளைப் பயன்படுத்தும் ஸ்லைடர் இருந்தால் அதுவே முதல் தேர்வு. வெல்டிங்கின் சூடு பக்கத்திலுள்ள எஃகின் தன்மையை மாற்றுகிறது. சேஸிஸின் உள்பக்கப் பூச்சு எரிந்து, கண்ணுக்குத் தெரியாத இடத்தில் துரு பிடிக்கிறது. பெட்ரோல் குழாய், பிரேக் குழாய், வயரிங் எல்லாம் சேஸிஸை ஒட்டியே ஓடுகின்றன. வெல்டிங் தவிர்க்க முடியாது என்றால் பேட்டரியைக் கழற்றிவிட்டுத்தான் தொடங்க வேண்டும். புதிதாகத் துளை போட்டுக் குறுக்கே போல்ட் செலுத்துவதானால் உள்ளே ஒரு குழல் செருக வேண்டும். இல்லையென்றால் நட்டை முறுக்க முறுக்க, உள்ளீடற்ற சேஸிஸின் சுவர்கள் உள்வாங்கிவிடும். போல்ட்டின் தலையில் 8.8 அல்லது 10.9 என்று பொறித்திருக்கிறதா என்று பாருங்கள். எண் எதுவும் இல்லாத போல்ட்டை இந்த வேலைக்கு ஏற்காதீர்கள்.

பொருளைப் பொறுத்தவரை, விட்டத்தைவிடச் சுவரின் கனத்தைக் கேளுங்கள். பெரிய விட்டமும் 2 மி.மீ. சுவரும் உள்ள பைப் மிடுக்காகத் தெரியும். கூர்மையான கல்லில் பட்டால் குழிந்துவிடும். 4 மி.மீ. சுவருள்ள கட்டுமானப் பைப் போதும். ஐ.எஸ். 4923 தரத்தில் வரும் சதுர, செவ்வகப் பைப்புகள் நம் ஊர் இரும்புக் கடைகளில் கிடைக்கின்றன. 100-க்கு 50 மி.மீ., 4 மி.மீ. கனமுள்ள பைப் மீட்டருக்கு எட்டரை கிலோவுக்கு மேல் வரும். கால்கள், தகடுகள், வெளிப்பைப் எல்லாம் சேர்ந்தால் ஜோடிக்கு 40 கிலோவைத் தாண்டுவது சகஜம். இரண்டு பக்கமும் சமமாக, தாழ்வாக ஏறும் எடை என்பதால் வண்டி தடுமாறாது. ஆனால் ஏற்றிச் செல்லும் சுமையில் அதைக் கழித்துக்கொள்ள வேண்டும். ஜி.ஐ. பைப்பில் வெல்டிங் வேண்டாம். துத்தநாகப் புகை வெல்டருக்குக் காய்ச்சல் வரவைக்கும்.

பொருத்தும் வேலை இருவருக்கு அரை நாள். சமதளத்தில் வண்டியை நிறுத்தி, துளைகளில் அடைந்த மண்ணைச் சுத்தம் செய்து, மரையில் எண்ணெய் விட்டு ஊறவிடுங்கள். டிராலி ஜாக்கியில் ஸ்லைடரைத் தூக்கி நிறுத்தி, எல்லா போல்ட்டுகளையும் முதலில் தளர்வாகவே மாட்டுங்கள். இடைவெளி முன்னும் பின்னும் சமமா, ஒயரோ குழாயோ நசுங்கவில்லையா என்று பார்த்த பிறகே டார்க் ரெஞ்சால் முறுக்க வேண்டும். ஒரு போல்ட்டை முழுதாக முறுக்கிவிட்டு அடுத்ததற்குப் போனால் கடைசித் துளை சேராது. முதல் கரடுமுரடான பயணம் முடிந்ததும் எல்லாவற்றையும் ஒருமுறை முறுக்கிப் பாருங்கள். அடிப்பக்கம் உரசி உரசிப் பெயின்ட் போகும். அதற்கு ரெட் ஆக்சைடும் ஒரு கோட் கருப்புப் பெயின்ட்டும் போதும். பவுடர் கோட்டிங் அழகுதான், ஆனால் ஓரிடத்தில் பெயர்ந்தால் அதன் அடியிலேயே துரு பரவும். பைப்பின் அடியில் தண்ணீர் வடிய ஒரு சிறு துளை இருக்க வேண்டும்.

சட்டத்தையும் நினைவில் வையுங்கள். 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆவது பிரிவு, பதிவுச் சான்றிலுள்ள விவரங்கள் தயாரிப்பாளர் குறித்ததிலிருந்து மாறும்படி வண்டியை மாற்றுவதைத் தடுக்கிறது. முன்பக்க புல் பார்கள்மீது நடவடிக்கை எடுக்கும்படி 2017 டிசம்பரில் மத்திய அமைச்சகம் மாநிலங்களுக்கு எழுதியது. அதுபோல ஸ்லைடரும் வண்டியின் அகலத்துக்கு வெளியே நீண்டால் நடந்துபோகிறவரின் காலைப் பதம்பார்க்கும். அகலத்துக்குள் அடங்கியதையே தேர்ந்தெடுங்கள். மாட்டுவதற்கு முன் இன்ஷூரன்ஸ் நிறுவனத்திடமும் எழுத்தில் கேட்டுவிடுங்கள். தார்ச்சாலையும் மண்பாதையும் மட்டுமே உங்கள் பயணம் என்றால் ஸ்லைடர் தேவையில்லை. அந்தப் பணம் நல்ல டயருக்குப் போகட்டும்.

பாறைத்தடம்தான் உங்கள் ஆசை என்றால், கடையில் மூன்று கேள்வி கேளுங்கள். இது எதில் மாட்டுகிறது? சுவரின் கனம் எவ்வளவு? மாட்டி முடித்ததும் இங்கேயே, ஸ்லைடரின் நடுவில் ஜாக்கி கொடுத்து ஒரு பக்கத்தைத் தூக்கிக் காட்டுவீர்களா? இரண்டு டயரும் தரையைவிட்டு எழும்பும் வரை தூக்கியபின் ஸ்லைடர் ராக்கர் பேனலைத் தொடாமல், கதவுகள் முன்போலவே திறந்து மூடினால், எடை சேஸிஸுக்குத்தான் போகிறது. மூன்றாவது கேள்விக்குத் தயங்கும் கடையில் வாங்க வேண்டாம்.