வலிமை என்னும் ஒரு சொல் போதுமா? விளையாட்டுப் பயிற்சியின் அடிப்படைகள்



மொழியியல் பயின்ற ஒருவன் விளையாட்டுத் திடலைப் பற்றிப் பேச வந்திருப்பது உங்களுக்கு வியப்பளிக்கலாம். அதற்குக் காரணம் நான் செய்த ஒரு பிழை. அதனை முதலில் சொல்லிவிடுகிறேன்.

சில ஆண்டுகளுக்கு முன், தமிழ்ப்பள்ளி ஒன்றில் உடற்கல்வி கற்பிக்கும் என் பழைய மாணவர் ஒருவர், பயிற்றுநர் கையேட்டில் கண்ட ஆங்கிலச் சொற்களுக்குத் தமிழ் கேட்டார். ஒரே மாலையில் பட்டியலை எழுதிக் கொடுத்தேன். ‘ஸ்ட்ரெந்த்’ என்பதற்கும் ‘பவர்’ என்பதற்கும் ‘வலிமை’ என்றே எழுதினேன். அப்பட்டியலைக் கொண்டு அவர் பயிற்சி அட்டைகள் எழுதினார். பின்னர் அவர் விடுப்பில் இருந்தபோது வேறோர் ஆசிரியர் அந்த அட்டைகளைப் படித்துப் பயிற்சி நடத்தினார். நான் ஒருநாள் அங்குச் சென்றேன். நீளம் தாண்டும் பிள்ளைகள் மணல்மூட்டையைத் தோளில் வைத்து, மெல்ல உட்கார்ந்து மெல்ல எழுந்துகொண்டிருந்தார்கள். மூலக் கையேடு அவ்விடத்தில் கூறியதோ சுமையற்ற, விரைவான குதிப்புப் பயிற்சி. எவருக்கும் காயமில்லை. ஆயினும் ஒரு பருவத்தின் உழைப்பு வேறு திசையில் சென்றுவிட்டது. அட்டையைப் படித்தவர் மீது குற்றமில்லை. இரு பொருளுக்கு ஒரு சொல் தந்தவன் நான். அதன்பிறகே இத்துறையின் அடிப்படைகளைக் கற்கத் தொடங்கினேன்.

1. மூன்று பண்புகள்

ஒரு தசை எவ்வளவு விசையைச் செலுத்த வல்லது என்பது வலிமை. அவ்விசையை எவ்வளவு விரைவாகச் செலுத்துகிறது என்பது ‘பவர்’. எவ்வளவு நேரம் தளராமல் தொடர்கிறது என்பது தாங்குதிறன்.

ஒரு கணக்கால் இதனை விளக்கலாம். 40 கிலோகிராம் சுமையை அரை மீட்டர் உயரத்திற்குத் தூக்கினால், செய்யப்படும் வேலை ஏறத்தாழ 196 ஜூல். இரண்டு வினாடியில் தூக்கினாலும் அரை வினாடியில் தூக்கினாலும் அந்த வேலை மாறுவதில்லை. ஆனால், முன்னதில் சராசரி ‘பவர்’ 98 வாட். பின்னதில் 392 வாட். சுமையும் உயரமும் ஒன்றே. ‘பவர்’ நான்கு மடங்கு. நீளம் தாண்டுபவரின் கால் தரையைத் தொட்டு எழுவது கண்ணிமைக்கும் நேரத்தில் நிகழ்வது. அதற்குள் செலுத்த முடியாத வலிமை அவருக்கு அந்தக் கணத்தில் உதவாது. நம் நாட்டு மிதிவண்டி வீரர் அசிசுல்ஹஸ்னி அவாங், 2017இல் கெய்ரின் பிரிவில் உலக வெற்றியாளரானார். பேருருவம் கொண்ட ஓட்டுநர்கள் நிறைந்த அப்பிரிவில் உருவத்தில் சிறியவரான அவர் வென்றதைக் கண்டவர்களுக்கு இந்த வேறுபாடு எளிதில் விளங்கும்.

இதற்குத் தமிழில் என்ன சொல்வது? தமிழ்நாட்டு இயற்பியல் நூல்கள் ‘திறன்’ என்கின்றன. இலங்கை நூல்கள் ‘வலு’ என்கின்றன. நம் வகுப்பறையில் ‘திறன்’ என்றால் மொழித்திறன், கற்றல் திறன் என்ற பொருளே முந்தி நிற்கும். ‘வலு’வோ பேச்சு வழக்கில் வலிமையோடு கலந்துவிடுகிறது. ஆகவே, திடலில் பயன்படுத்த ‘விரைவலிமை’ என்ற சொல்லை முன்வைக்கிறேன். விரைந்த வலிமை, விரைகின்ற வலிமை, விரையும் வலிமை என முக்காலத்துக்கும் விரியும் வினைத்தொகை அது. ‘தாங்குதிறன்’ என்பதும் அவ்வகையே.

இக்குழப்பம் தமிழுக்கு மட்டும் உரியதன்று. அமெரிக்க இராணுவ மருத்துவர் தாமஸ் டிலோர்ம் 1945இல் வெளியிட்ட புகழ்பெற்ற கட்டுரையின் தலைப்பிலேயே, இன்று ‘ஸ்ட்ரெந்த்’ எனப்படுவதைக் குறிக்கப் ‘பவர்’ என்ற சொல்தான் நின்றது. சொற்கள் துறையோடு சேர்ந்தே தெளிவடைகின்றன.

2. சுமை படிப்படியாக ஏறுதல்

கிரேக்க மற்போர் வீரன் மைலோ, ஒரு கன்றை நாள்தோறும் தூக்கி வந்ததாகவும், அது காளையாக வளர்ந்தபோதும் அவனால் தூக்க முடிந்ததாகவும் ஒரு பழங்கதை உண்டு. கதையை நம்ப வேண்டியதில்லை; அதனுள் இருக்கும் நெறி உண்மையானது. பழகிய சுமையிலிருந்து சற்றே மிகுந்த சுமைக்கு உடல் தன்னைத் தகவமைத்துக்கொள்கிறது. சுமை மாறாவிட்டால் வளர்ச்சியும் நின்றுவிடுகிறது.

இந்நெறிக்கு அளவு தந்தவர்களில் முதன்மையானவர் டிலோர்ம். இரண்டாம் உலகப் போரில் காயமுற்ற வீரர்களின் கால்களுக்கு அவர் எடைப் பயிற்சி அளித்தார். பத்து முறை மட்டுமே தூக்க முடிகிற எடையை முதலில் கண்டறிவது. பின்னர் அதன் பாதி, முக்கால், முழுமை என மூன்று சுற்றுகள், சுற்றுக்குப் பத்து முறை தூக்குவது. ஒருவருக்கு அந்த எடை 20 கிலோகிராம் என்றால், சுற்றுகள் முறையே 10, 15, 20 கிலோகிராம். வலிமை கூடக்கூட அளவும் கூடும். முதலில் ‘கடும் எதிர்ப்புப் பயிற்சி’ என்று அவர் பெயரிட்டதை, வாட்கின்ஸ் என்பவரோடு சேர்ந்து 1948இல் எழுதியபோது ‘படிமுறை எதிர்ப்புப் பயிற்சி’ என்று மாற்றினார். கடுமை என்ற சொல் அகன்று படிமுறை என்ற சொல் வந்தது. ஆசிரியர்கள் கருத வேண்டிய சொல்மாற்றம் இது.

3. எதைப் பயில்கிறோமோ அதுவே வளரும்

நெட்டோட்டம் ஓடுபவருக்குத் தாங்குதிறன் வளரும். பளு தூக்குபவருக்கு வலிமை வளரும். ஒன்றைப் பயின்று மற்றொன்றை எதிர்பார்க்க இயலாது. என் பட்டியலால் நேர்ந்த பிழையும் இதுவே. வலிமை விரைவலிமைக்கு அடித்தளம் என்பது உண்மை. அடித்தளம் மட்டுமே வீடாகிவிடாது.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். பயிற்சியின் முதல் வாரங்களில் கூடும் வலிமை, பெரும்பாலும் தசை பருத்ததால் வருவதன்று. நரம்புகள் தசைகளைச் செம்மையாக இயக்கக் கற்பதால் வருவது. சிறுவர்களிடத்தில் இது மேலும் உண்மை. எடைப் பயிற்சி சிறுவரின் வளர்ச்சியைக் குன்றச் செய்யும் என்ற அச்சத்திற்கு ஆய்வில் சான்றில்லை. ஆனால், முறையான அசைவைக் கற்றுத் தருவதும் அருகிலிருந்து கண்காணிப்பதும் கட்டாயம்.

4. ஓய்வில் வளரும் உடல்

பயிற்சியின்போது உடல் வளர்வதில்லை, தளர்கிறது. உணவாலும் உறக்கத்தாலும் மீளும்போதுதான் முன்னைவிட உயர்கிறது. மாண்ட்ரியால் நகரில் ஆய்வு செய்த ஹான்ஸ் செலியே, தீங்கு தரும் தூண்டல்களுக்கு உடல் காட்டும் பொதுவான எதிர்வினையை 1936இல் விவரித்தார். எச்சரிக்கை, எதிர்நிற்றல், சோர்ந்துவிடுதல் என்னும் மூன்று படிகள் அதில் உண்டு. அவர் சோதித்தவை எலிகள். விளையாட்டு அறிஞர்கள் பின்னர் அக்கருத்தைக் கடன் பெற்றனர். தூண்டல் இடைவிடாது நீடித்தால் மூன்றாம் படிக்குச் சென்றுவிடுவோம் என்பதே அதிலிருந்து பெற்ற பாடம். சோவியத் அறிஞர் மத்வேயெவ் 1960களில் ஆண்டுப் பயிற்சியைப் பருவங்களாகப் பகுத்து விளக்கியதிலும் உழைப்பையும் ஓய்வையும் திட்டமிட்டு அமைக்கும் நோக்கமே தெரிகிறது.

என் இளமையில் பயிற்சியின் நடுவே தண்ணீர் குடிப்பது கோழைத்தனம் எனப்பட்டது. மாணவர் வாந்தியெடுத்தால் நல்ல பயிற்சி என்றார்கள். களைப்பு பயிற்சியின் விளைவு, அதன் அளவுகோலன்று. ‘ஓய்வு’ என்ற சொல்லில் சோம்பலின் சாயல் இருப்பதால், ‘மீட்சி’ என்று சொல்லிப் பழகலாம். மீட்சியும் பயிற்சித் திட்டத்தின் ஒரு பகுதி.

5. பதப்படுத்தல்

அமெரிக்காவின் நெப்ராஸ்கா பல்கலைக்கழகம் 1969இல் பாய்ட் எப்லி என்பவரை வலிமைப் பயிற்றுநராக அமர்த்தியது. எடை தூக்கினால் உடல் இறுகி வேகம் குறையும் என்று பயிற்றுநர் பலர் நம்பிய காலம் அது. 1978இல் எப்லி முன்னின்று தொடங்கிய தேசிய வலிமைப் பயிற்றுநர் சங்கம், 1981இல் தன் பெயரில் ‘கண்டிஷனிங்’ என்ற சொல்லைச் சேர்த்துக்கொண்டது. வலிமை மட்டும் போதாது என்பதன் ஒப்புதல் அது.

அச்சொல்லுக்குத் தமிழில் ‘பதப்படுத்தல்’ என்பது பொருந்தும். உழவர் மண்ணைப் பதப்படுத்துகிறார். தோலைப் பதப்படுத்துவோரும் உண்டு. மூலப்பொருளின் இயல்பறிந்து, காலமறிந்து, வேண்டிய நிலைக்குக் கொண்டுவருவதே பதம். இதயம், நுரையீரல், மூட்டு, தசை யாவும் விளையாட்டின் தேவைக்கு ஏற்ப அவ்வாறே பதமாக வேண்டும். நம் நாட்டு வெயிலும் இதில் அடங்கும். வெப்பத்தில் உழைக்க உடல் பழகுவதற்கு ஒன்று முதல் இரண்டு வாரம் ஆகும். நீண்ட விடுமுறை முடிந்து வரும் மாணவரை முதல் நாளிலேயே நண்பகலில் ஓடவிடுவது பதமறியாச் செயல். விட்ட பயிற்சியின் பயன் தேய்ந்துவிடும் என்பதையும் அப்போது நினைவிற்கொள்ள வேண்டும்.

நிறைவாக

அந்தப் பட்டியலைத் திருத்தி எழுத எனக்கு ஏழு மாதங்கள் ஆயின. திருத்திய அட்டையில் இன்று ‘விரைவலிமை: சுமையின்றி ஐந்து குதிப்பு, முழு விரைவில், இடையே நன்கு இளைப்பாறுக’ என்றிருக்கிறது. அட்டையைப் படிப்பவர் யாராயினும் செய்யவேண்டியது ஐயமின்றி விளங்கும்.

ஆசிரியர்களே, திடலில் நீங்கள் சொல்லும் ஒவ்வொரு சொல்லையும் ஒரு பிள்ளையின் முழங்கால் கேட்டு நடக்கிறது. ‘இன்னும் வலிமையாக’ என்று கூவும் முன், எதனைக் கேட்கிறோம் என்று ஒரு கணம் எண்ணுங்கள். மாணவர்களே, சொல் விளங்காதபோது கேளுங்கள். அன்று மணல்மூட்டை சுமந்த பிள்ளைகளில் ஒருவர் ‘எதற்காக இது, ஐயா?’ என்று கேட்டிருந்தால், என் பிழை மூன்று மாதம் முன்னதாகவே வெளிப்பட்டிருக்கும்.