இரவல் மின்சாரம்

உளுந்தூர்ப்பேட்டைக்கு அப்பால், இருட்டிவிட்ட வேளையில் புளியமரத்தடியில் நின்றுபோன எங்கள் காரை, அவ்வழியே வந்த வேறொரு காரின் பேட்டரியோடு கேபிளால் பிணைத்துக் கிளப்பியதைச் சென்ற வாரம் சொல்லியிருந்தேன். முதலில் உதவிக்கு வண்டியை நிறுத்திய லாரி டிரைவர், தம் வண்டியில் இரண்டு பேட்டரிகள் சேர்ந்து 24 வோல்ட் தருவதாகவும், அதை 12 வோல்ட் காருக்குக் கொடுத்தால் உள்ளே இருக்கும் நுண்ணிய கருவிகள் கருகிப்போகும் என்றும் தாமாகவே எடுத்துச் சொல்லி மறுத்தாரே, அந்த விவேகத்தை இன்றும் நன்றியோடு நினைக்கிறேன்.

என்ஜின் ஓடத் தொடங்கிவிட்டால் ஆபத்து நீங்கிற்று என்று எண்ணிப் பிரயாணத்தைத் தொடர்வது நம் எல்லோருக்கும் இயல்பு. ஆனால் இரவல் வாங்கிய மின்சாரம் செல்ஃப் மோட்டாரைச் சுழற்றிற்றேயன்றி, நம்முடைய பேட்டரி ஏன் வறண்டது என்பதற்கு அணுவளவும் விடை சொல்லவில்லை. மறுநாள் காலை திருச்சியில் சாவியைத் திருப்பியபோது, 'டக்' என்ற ஒற்றை ஓசையோடு வண்டி மறுபடியும் மௌனமாயிற்று. உடனே புதுப் பேட்டரி வாங்கச் சொன்னார் ஒருவர். இன்னொருவரோ, மீண்டும் கேபிள் போட்டுக் கிளப்பி, என்ஜின் ஓடும்போதே பேட்டரி வயரைக் கழற்றிப் பார்த்தால் ஆல்டர்னேட்டரின் யோக்கியதை தெரிந்துவிடும் என்றார். டைனமோ இருந்த காலத்துப் பழக்கம் அது. இன்றைய வண்டியில் அப்படிக் கழற்றினால், தாங்கிக்கொள்ளப் பேட்டரி இல்லாத அக்கணத்தில் மின்னழுத்தம் திடீரென எகிறி, என்ஜினை ஆளும் கம்ப்யூட்டரையே சிதைத்துவிடக்கூடும்.

நல்லவேளையாக, அங்கிருந்த வயது முதிர்ந்த எலக்ட்ரீஷியன் ஒருவர், "இருங்க சார், முதல்ல அளந்து பார்ப்போம், வாங்குறதைப் பத்தி அப்புறம் பேசலாம்" என்று மீட்டரை எடுத்தார்.

பேட்டரிக்குள் ஆறு அறைகள், அறைக்கு 2.1 வோல்ட் வீதம், நிறைந்து ஓய்ந்திருக்கும் நிலையில் 12.6 காட்ட வேண்டும், 12.2 என்றால் பாதிதான் மிச்சம். எங்களுடையது 11.9 காட்டிற்று. அவர் அதை இரவு முழுதும் சார்ஜில் வைத்து, காலையில் 12.6-ஐக் கண்டு, செல்ஃப் அடிக்கும்போதும் அது 10-க்குக் கீழே இறங்கவில்லை என்பதை உறுதிசெய்துகொண்டபின், பேட்டரியின் மேல் குற்றமில்லை என்று தீர்ப்பளித்தார். அடுத்து என்ஜினை ஓடவிட்டு, ஹெட்லைட்டையும் ஏ.சி.யையும் போட்டு அளந்தார். ஆல்டர்னேட்டரில் 14.2 இருந்தது; பேட்டரியின் டெர்மினல்களிலோ 13.5 மட்டுமே. வழியில் காணாமற்போன அந்த 0.7 வோல்ட்டைத்தான் அவர் தேடினார். மீட்டரின் ஒரு முனையை பேட்டரியின் மைனஸிலும் மறுமுனையை என்ஜினின் இரும்பிலும் வைத்துச் செல்ஃப் அடிக்கச் சொன்னபோது, 0.2-க்கு மேல் போகக்கூடாத இடத்தில் முள் 1.3-ஐத் தொட்டது. என்ஜினையும் பாடியையும் இணைக்கும் எர்த் வயரின் போல்ட்டுக்கு அடியில் துரு ஏறியிருந்தது! அதைச் சுரண்டி, உப்புத்தாள் தேய்த்து முடுக்கியதற்கு ஆன நேரம் கால்மணி. செலவு ஒரு தேநீர். ஆயிரக்கணக்கில் பணம் கொடுத்துப் புதுப் பேட்டரி வாங்கியிருந்தால், அதுவும் இதே துருவால் அரைவயிற்றோடு கிடந்து சில மாதங்களில் மடிந்திருக்கும் என்பதை நினைக்கையில், அளக்காமல் விற்கிறவர்கள்மீது எனக்கு மெய்யாகவே கோபம் வருகிறது.

ஆயினும் விஷயம் அத்தோடு தீர்ந்துவிடவில்லை. ஊர் திரும்பி இரண்டு நாள் வண்டியை எடுக்காமலிருந்து, மூன்றாம் நாள் அளந்தபோது 12.6 இருந்த இடத்தில் 12.2 இருந்தது. மைனஸ் கேபிளைக் கழற்றி, இடையில் மீட்டரைக் கோத்து, கதவுகளைப் பூட்டி, உள்ளிருக்கும் கம்ப்யூட்டர்கள் உறங்கும்வரை அரைமணி நேரம் காத்திருந்தேன். 50 மில்லி ஆம்பியருக்குள் அடங்க வேண்டிய ஓட்டம் 400-ல் நின்றது. ஃபியூஸ் பெட்டியைத் திறந்து, ஒவ்வொன்றாகப் பிடுங்கத் தொடங்கினேன்.

(தொடரும்)