உலகச் சமயங்களைப் பட்டப்படிப்பாகப் பயிலுதல்

பன்னிரண்டாம் வகுப்புத் தேர்வின் முடிவுகள் வெளியாகிப் போடிநாயக்கனூரில் வீடுதோறும் கல்லூரிச் சேர்க்கையைப் பற்றிய பேச்சு எழுகின்ற நாட்களில், வணிகவியலா கணினியியலா என்று யோசித்துக்கொண்டிருக்கும் பெற்றோரிடம், உலகச் சமயங்களையே இளங்கலைப் பட்டத்திற்குரிய முதன்மைப் பாடமாக எடுத்துப் படிக்கலாம் என்று ஒருவர் சொன்னால், அதைக் கேட்டு வியப்படைகிறவர்களே மிகுதியாக இருப்பார்கள். துறவியாவதற்கு மடங்களும், பாதிரியாராவதற்குக் குருமடங்களும், ஆலிமாவதற்கு மதரசாக்களும் தனித்தனியே இருக்கையில், கல்லூரி வகுப்பறையில் சமயத்துக்கு என்ன வேலை என்று அவர்கள் கேட்பார்கள். அந்தக் கேள்வி நியாயமானது. அதற்குச் செவ்வையான விடை சொல்லப்படாமையினாலேயே இந்தத் துறை நம் நாட்டில் வேரூன்றாமல் இருந்துவருகிறது என்பது என் அபிப்பிராயம்.

மதுரை அரசரடியில் 1969-ஆம் ஆண்டு முதல் நடந்துவரும் தமிழ்நாடு இறையியல் கல்லூரியும், வேலூர் பாக்கியாத்துஸ் ஸாலிஹாத் அரபிக் கல்லூரியும், ஆகமம் பயிற்றுவிக்கும் பாடசாலைகளும் தத்தம் சமயத்தின் ஊழியத்துக்கு வேண்டியவர்களை ஆயத்தம் செய்கின்ற ஸ்தாபனங்கள். அவற்றில் சேருகிறவன் விசுவாசியாகவே உள்ளே நுழைகிறான். அந்த விசுவாசம் உறுதிப்பட வேண்டும் என்பதே அங்கே கல்வியின் நோக்கம். சமயவியல் என்னும் பட்டப்படிப்போ மாணவனிடத்தில் விசுவாசத்தை வேண்டுவதுமில்லை, இருக்கிற விசுவாசத்தைக் கைவிடச் சொல்வதுமில்லை. மனிதர் எதை வணங்குகிறார்கள், எவ்விதம் வணங்குகிறார்கள், அந்த வணக்கத்தினால் அவர்களுடைய குடும்பமும் நீதியும் கலையும் அரசியலும் என்ன உருவம் பெறுகின்றன என்பவற்றைப் பட்சபாதமின்றி ஆராய்வதற்கு வேண்டிய மொழியறிவும் சரித்திர அறிவும் பொறுமையும் மட்டுமே அது எதிர்பார்க்கிறது.

அரசின் பணத்தில் நடக்கும் கல்விக்கூடத்தில் சமயத்தைக் கற்பிப்பதற்குச் சட்டம் இடங்கொடுக்குமா என்ற ஐயம் பலருக்கு உண்டு. அரசியலமைப்பின் 28-ஆம் உறுப்பு, முழுவதும் அரசின் நிதியிலேயே நடைபெறும் கல்வி நிறுவனங்களில் சமய போதனை கூடாதென்று விலக்கியிருப்பது உண்மையே. ஆயினும் 1948 டிசம்பரில் அரசியல் நிர்ணய சபையில் இவ்விஷயம் விவாதத்துக்கு வந்தபோது, சமய போதனை வேறு, சமயங்களைப் பற்றிய படிப்பும் ஆராய்ச்சியும் வேறு என்று அம்பேத்கர் தெளிவுபடுத்தினார். குரு நானக் பெயரால் பஞ்சாபில் நிறுவப்பட்ட பல்கலைக்கழகத்தில் அவருடைய வாழ்க்கையையும் உபதேசங்களையும் ஆராய்வதற்கு ஏற்பாடு செய்தது சமய போதனையாகுமா என்ற வழக்கில், ஆகாது என்றே 1971-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 2002-ஆம் ஆண்டு அருணா ராய் தொடுத்த வழக்கிலும் இதே வேற்றுமை மறுபடியும் வற்புறுத்தப்பட்டது. ஆகவே தடையென்று சொல்லப்படுவது சட்டத்தில் இல்லை. நம்முடைய தயக்கத்தில்தான் இருக்கிறது.

இந்தத் தயக்கத்தைப் போக்குவதற்குச் சுதந்திரம் கிடைத்த மறு ஆண்டிலேயே ஒரு முயற்சி நடந்தது. திருத்தணியில் 1888-இல் பிறந்து, வேலூர் ஊரிஸ் கல்லூரியிலும் சென்னைக் கிறிஸ்தவக் கல்லூரியிலும் பயின்ற இராதாகிருஷ்ணன், தம் ஆசிரியர்களான பாதிரிமார்கள் இந்து சமயத்தின்மேல் சொல்லிய குறைகளால் மனம் கலங்கி, அவை மெய்தானா என்று தாமே ஆராயப் புகுந்து, வேதாந்தத்தின் ஒழுக்க நெறியைப் பற்றி 1908-இல் ஓர் ஆராய்ச்சிக் கட்டுரை எழுதியவர். பிற்காலத்தில் 1936 முதல் ஆக்ஸ்போர்டில் கீழைச் சமயங்களுக்கும் ஒழுக்கவியலுக்கும் உரிய பேராசிரியராக விளங்கியவர். பிறர் தம் சமயத்தைப் பற்றிச் சொன்னதனால் வருந்திய இளைஞர் ஒருவர், கோபங்கொள்வதற்குப் பதிலாகப் படிக்கத் தலைப்பட்டார் என்பதை நான் மிகப் பெரிய செயலாக மதிக்கிறேன். அவர் தலைமையில், சென்னைப் பல்கலைக்கழகத் துணைவேந்தராயிருந்த லட்சுமணசுவாமி முதலியாரும் உறுப்பினராக அமர்ந்த பல்கலைக்கழகக் கல்விக் குழு, 1949-இல் அளித்த அறிக்கையில் பட்டப்படிப்பின் மூன்று ஆண்டுகளுக்கும் ஒரு திட்டத்தை வகுத்தது. முதலாண்டில் புத்தர், கன்பூசியஸ், ஜரதுஷ்டிரர், சாக்ரதர், ஏசு, சங்கரர், இராமாநுஜர், மத்துவர், முகம்மது நபி, கபீர், நானக், காந்தியடிகள் முதலிய பெரியோர்களின் சரித்திரம். இரண்டாமாண்டில் உலகத்துச் சமய நூல்களிலிருந்து எல்லோருக்கும் பொதுவான பகுதிகள். மூன்றாமாண்டில் சமயத் தத்துவத்தின் தலையாய பிரச்சினைகள். நம் கல்லூரிகளில் இன்று விழுமியக் கல்வி என்ற பெயரால் சிறு பாடமொன்று நடக்கிறது. குழு கருதியது அதைக் காட்டிலும் ஆழமான கல்வி.

தமிழருக்கு இந்தக் கல்வி புதிதன்று. மணிமேகலைக் காப்பியத்தின் 27-ஆம் காதையில், வஞ்சி மாநகரத்தில் மாதவ வேடத்தோடு செல்லும் மணிமேகலை, அளவைவாதி, சைவவாதி, பிரமவாதி, வைணவவாதி, வேதவாதி, ஆசீவகன், நிகண்டவாதி, சாங்கியன், வைசேடிகன், பூதவாதி என்னும் பதின்மரையும் ஒருவர்பின் ஒருவராக அணுகி, நும் கொள்கை யாது என்று கேட்கிறாள். பௌத்தராகிய ஆசிரியர் பாடிய காப்பியத்தில், பௌத்தம் அல்லாத கொள்கைகளுக்கு, பிரத்தியட்சமே பிரமாணம் என்று சாதிக்கும் பூதவாதிக்குங்கூட, வாய்திறக்க இடம் கிடைக்கிறது. பதின்மூன்றாம் நூற்றாண்டில் அருணந்தி சிவாசாரியார் சிவஞான சித்தியாரை இயற்றியபோதும், பரபக்கம் என்று ஒரு பகுதியை முன்னே வைத்து, பிறர் கொள்கைகளை எடுத்துரைத்த பின்னரே மறுத்தார். இந்தச் சிரத்தையினால் விளைந்த நன்மை அளவிடற்கரியது. ஆசீவக சமயத்தாருடைய நூல்கள் முற்றும் அழிந்துபோயின. அவர்களுடைய கொள்கை இன்னதென்று ஏ.எல். பாஷம் 1951-இல் நூல் எழுத முற்பட்டபோது, மணிமேகலையும் நீலகேசியும் சிவஞான சித்தியாரும் அவருக்கு இன்றியமையாத ஆதாரங்களாக இருந்தன. அழிந்துபோன ஒரு சமயத்தின் குரலை, அதனோடு வாதிட்டவர்களே நமக்குக் காத்துக் கொடுத்திருக்கிறார்கள்!

மேல்நாட்டில் இத்துறைக்கு வித்திட்டவராகச் சொல்லப்படும் மாக்ஸ் முல்லர், 1870-இல் லண்டனில் சமய விஞ்ஞானத்தைப் பற்றிச் சொற்பொழிவுகள் நிகழ்த்தி, பின்னர் கீழை நாட்டுப் புனித நூல்களை ஐம்பது தொகுதிகளாக மொழிபெயர்த்து வெளியிடும் பணியைத் தொடங்கி நடத்தினார். 1967-ஆம் ஆண்டில் பட்டியாலாவின் பஞ்சாபிப் பல்கலைக்கழகத்தில் சமயங்களின் ஆராய்ச்சிக்கென்றே தனித்துறை தோன்றியது. அதே ஆண்டில் இங்கிலாந்தின் லங்காஸ்டரில் நினியன் ஸ்மார்ட் என்பவர் ஒரு துறையை நிறுவினார். ஒரு சமயத்தை அதன் சித்தாந்தத்தை மட்டும் கொண்டு அறிந்துவிட முடியாது, சடங்கு, கதை, அனுபவம், சமூக அமைப்பு, ஒழுக்கம், கட்டிடமும் உருவமும் போன்ற பருப்பொருள்கள் ஆகிய முகங்களையும் சேர்த்தே காணவேண்டும் என்று ஸ்மார்ட் கற்பித்தார். இன்றைக்குப் பல நாடுகளில் இளங்கலை மாணவனுக்கு முதலில் சொல்லிக்கொடுக்கப்படும் பாடம் இதுதான்.

இந்தப் பாடத்தைச் செய்து பார்ப்பதற்குப் போடியைச் சூழ்ந்த ஏலமலைச் சாரலைவிடப் பொருத்தமான இடம் அரிது என்று நான் நம்புகிறேன். குரங்கணிப் பக்கத்து மலைகளில் வாழும் முதுவர்கள், தாங்கள் மதுரையிலிருந்து மீனாட்சியம்மனை முதுகில் சுமந்துகொண்டு மலையேறியவர்களின் வழிவந்தோர் என்று சொல்லிக்கொள்கிறார்கள். போடிநாயக்கனூரை நாயக்கர்கள் கைப்பற்றிய காலத்தில் மலைக்குத் துரத்தப்பட்டவர்கள் என்று மற்றொரு கர்ணபரம்பரைச் செய்தியை 1909-இல் வெளியான தம் நூலில் மானிடவியலாளர் தர்ஸ்டன் குறித்திருக்கிறார். சரித்திர மாணவன் இவ்விரண்டில் எது நடந்தது என்று விசாரிப்பான். சமயவியல் மாணவனோ அதனோடு நில்லாமல், இடம்பெயர்ந்த ஒரு கூட்டத்தார் தங்கள் பெயருக்கும் பிறப்புக்கும் ஒரு தெய்வத்தின் பயணத்தைக் காரணமாக்கிக்கொள்வது ஏன், தெய்வத்தைச் சுமந்தவர்கள் என்ற நினைவு அவர்களுடைய அன்றாட ஒழுக்கத்தில் எங்கெங்கே வெளிப்படுகிறது என்றும் கேட்பான். யூதர்கள் உடன்படிக்கைப் பேழையைச் சுமந்து பாலைவனத்தில் அலைந்த வரலாறு அப்போது அவனுக்குத் தூரதேசத்துக் கதையாகத் தோன்றாது.

சமவெளிக்கு இறங்கினால், உத்தமபாளையத்தில் கருப்பணசாமி கோயிலையொட்டிய பாறையில் சமணத் தீர்த்தங்கரர்களின் திருவுருவங்கள் வட்டெழுத்துச் சாசனங்களோடு செதுக்கப்பட்டிருப்பதைக் காணலாம். ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் கொல்லாமையைப் போதித்த அடியார்கள் தங்கிய இடத்தின் அருகிலேயே காவல் தெய்வம் குடிகொண்டது எவ்வாறு என்பது ஒரு முழு ஆண்டு ஆராய்ச்சிக்குப் போதுமான வினா. அமாவாசை நாட்களில் பிதிர்க்கடன் செலுத்த மக்கள் திரளும் சுருளித் தீர்த்தத்தின் அண்டையில் அபூபக்கர் மஸ்தான் தர்கா இருக்கிறது. போடிமெட்டைக் கடந்து மூணாறு சென்றால், 1910-இல் அடிக்கல் நாட்டப்பட்ட ஆங்கிலேயத் தோட்டத் துரைமார்களின் ஆலயமும், அதற்கு முன்னரே ஏற்பட்டுவிட்ட கல்லறைத் தோட்டமும் உள்ளன. போடியிலிருந்து விடியற்காலையில் ஜீப்புகளில் மலையேறி ஏலக்காய் பறிக்கச் செல்லும் பெண்கள், எந்த எல்லைத் தெய்வத்தின் முன்னால் வண்டி நிற்கிறது, எந்த நாளில் தோட்டத்தில் கை வைப்பதில்லை என்பதையெல்லாம் அறிந்தவர்கள். அவர்களிடம் அடக்கத்தோடு கேட்டு எழுதிக்கொள்ளத் தெரிந்த மாணவன், புத்தகத்தில் கிடைக்காத அத்தியாயமொன்றைப் பெறுவான்.

எங்கே படிப்பது என்பதைச் சொல்லவேண்டும். தமிழ்நாட்டில் இதற்கென்று இளங்கலைப் பட்டம் தேடுவது கடினம். சென்னைப் பல்கலைக்கழகத்தில் சைவ சித்தாந்தம், வைணவம், கிறிஸ்தவம், சமணம் ஆகியவற்றுக்குத் தனித்தனித் துறைகள் உள்ளன. அவை முதுகலைக்கும் ஆராய்ச்சிக்கும் உரியவை. தேனி மாவட்டத்துக் கல்லூரிகள் பல இணைந்துள்ள மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தில் சமயங்களுக்கும் தத்துவத்துக்கும் மனிதநேயச் சிந்தனைக்குமாக ஒரு புலமே அமைந்திருக்கிறது. யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் இந்து நாகரிகமும் கிறிஸ்தவ நாகரிகமும் இளங்கலைப் பாடங்களாகத் தமிழிலேயே கற்பிக்கப்படுவதனால், தமிழில் பாடநூல் இல்லையே என்ற சமாதானம் செல்லாது. ஆனால் அங்கும் ஒவ்வொருவரும் தத்தம் சமயத்தையே தெரிந்தெடுக்கும் வழக்கம் மிகுதி. மற்றவருடைய சமயத்தைப் படிக்கும்போதுதான் இக்கல்வியின் முழுப் பயனும் கிட்டும்.

பிழைப்புக்கு என்ன வழி என்ற கேள்வியை நான் இலேசாகக் கருதவில்லை. ஏலக்காய் விலை இறங்கும் ஆண்டில் பிள்ளையின் கல்லூரிக் கட்டணத்தைக் கட்டுவது எவ்வளவு பாரம் என்பதை இவ்வூரார் அறிவார்கள். கல்லூரி ஆசிரியராவதற்கான தேசியத் தகுதித் தேர்வில், சமயங்களின் ஒப்பியல் ஆய்வு தனிப் பாடமாக இருக்கிறது. குடிமைப் பணித் தேர்வில் தத்துவத்தை விருப்பப் பாடமாக எடுப்பவர்களுக்குச் சமயத் தத்துவம் ஒரு பகுதி. தொல்லியல், அருங்காட்சியகம், பத்திரிகை, சமூகப் பணி ஆகிய துறைகளிலும் இந்த அறிவு பயன்படும். எனினும் பொறியியல் பட்டம்போல் உடனே வேலை தருமென்று யாரும் வாக்களிக்கக் கூடாது.

இப்போதைக்கு இத்துறையை நாடும் மாணவன் வரலாற்றையோ தமிழையோ தத்துவத்தையோ முதன்மைப் பாடமாகக் கொண்டு, அந்த மூன்று ஆண்டுகளுக்குள்ளேயே பாலி, சமஸ்கிருதம், அரபு இவற்றுள் ஒன்றின் எழுத்தையும் இலக்கணத்தையும் கற்கத் தொடங்கிவிட வேண்டும். முதுகலையில் சேர்ந்த பிறகு மொழியைத் தொடங்குகிறவர்கள் பெரிதும் இடர்ப்படுகிறார்கள். கல்லூரிகளும் ஒன்று செய்யலாம். போடியில் ஏல விவசாயிகள் சங்கம் நிறுவிய கல்லூரி இருக்கிறது. உத்தமபாளையத்தில் ஹாஜி கருத்த ராவுத்தர் ஹவுதியா கல்லூரி 1956 முதல் நடைபெறுகிறது. பிற துறை மாணவர்கள் தேர்ந்தெடுக்கும் விருப்பப் பாடமாக உலகச் சமயங்களை இவ்விரண்டும் சேர்ந்து வைத்து, ஒரு பருவம் இங்கும் ஒரு பருவம் அங்குமாக மாணவர்களைப் பரிமாறிக்கொள்வதற்கு, புதிய கட்டிடமோ பெருநிதியோ வேண்டியதில்லை. பல்கலைக்கழகப் பாடத்திட்டக் குழுவின் அனுமதியும், இரண்டு ஆசிரியர்களின் மனமுவந்த உழைப்பும் இருந்தால் அடுத்த கல்வியாண்டிலேயே தொடங்கலாம்.