மணற்குன்றுகளும் மாறும் பருவமும்

வைகாசி மாதத்துப் பிற்பகல். தில்லி மாநகரின் மேற்கு வானம் சட்டெனச் செம்மண் நிறம் கொள்கிறது. ‘ஆந்தி’ என்று இப்பகுதி மக்கள் வழங்கும் புழுதிப் புயல் வந்துவிட்டது. சன்னல்களை அடைக்க ஓடுகிறோம். அடைத்த பின்னரும் மேசை மீதும் புத்தகங்கள் மீதும் மெல்லிய மண் படிந்திருக்கக் காண்கிறோம். துடைத்துவிட்டு நம் வேலையைப் பார்க்கிறோம். ஆனால் எல்லா ஆண்டுகளிலும் இப்புயல் துடைத்துத் தள்ளும் அளவோடு நிற்பதில்லை. 2018ஆம் ஆண்டு மே மாதம் 2ஆம் தேதி இரவு இராஜஸ்தானத்தின் கிழக்கு மாவட்டங்களிலும், உத்தரப் பிரதேசத்து ஆக்ராவைச் சுற்றிலும் வீசிய புழுதிப் புயலிலும் இடிமழையிலும் நூற்றுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். உறங்கிக் கிடந்தவர்கள் மீது வீட்டுச் சுவர்கள் சரிந்தன.

பூமியின் வெப்பம் ஏறிவருகிறது என்பதை இன்று அனைவரும் அறிவோம். அங்ஙனமாயின் மேற்கே உள்ள தார் பாலைவனம் பெருகுமா? அதன் மணற்குன்றுகள் ஊர்களை நோக்கி நகருமா? வெயில் ஏறினால் பாலை பெருகும் என்பது எளிதில் தோன்றும் விடை. அது முழு விடையாகுமா என்பதைச் சற்று ஆராய்வோம்.

மணல் வேறு, தூசி வேறு என்பதை முதலில் மனத்திற் கொள்ள வேண்டும். மணல் கனமானது. காற்று அதனை வானுக்குத் தூக்கிச் செல்வதில்லை. மணற்பரல்கள் தரையை ஒட்டித் தத்தித் தத்திப் பாய்கின்றன. பாய்ந்த பரல் ஒன்று தரையில் விழும்போது வேறு பல பரல்களைத் தட்டி எழுப்புகிறது. அந்த மோதலில் மண்ணோடு ஒட்டிக் கிடந்த நுண்ணிய துகள்கள் விடுபட்டு மேலே எழுகின்றன. அவையே தூசி. மணல் குன்றாகக் குவிந்து மெல்ல நகர்கிறது; தூசியோ பல நூறு கிலோமீட்டர் தொலைவு பறந்து செல்கிறது.

இந்த இயக்கத்தை நுணுகி ஆராய்ந்த ஆங்கிலேய இராணுவப் பொறியாளர் பாக்னால்டு, 1941இல் வெளியிட்ட தம் நூலில் ஓர் உண்மையை விளக்கினார். காற்றின் வேகம் இரு மடங்கானால் அது சுமக்கும் மணல் இரு மடங்காவதில்லை. ஏறக்குறைய எட்டு மடங்காகிறது. ஆகவே காற்றில் ஏற்படும் சிறு மாறுதலும் மணலில் பெரு மாறுதலாக முடியும். இக்காற்றுக்குத் தடையாக நிற்பவை இரண்டு. ஒன்று மண்ணின் ஈரம். மற்றொன்று மண்ணைப் பற்றிய வேர். இரண்டையும் அளிப்பது மழை.

தார் பாலைவனம் சுமார் 2,00,000 சதுர கிலோமீட்டர் பரப்புடையது. அதன் பெரும்பகுதி நம் நாட்டில் உள்ளது. எஞ்சியது பாகிஸ்தானத்தைச் சேர்ந்தது. மேற்கே ஜெய்சல்மேர்ப் பக்கம் ஆண்டு மழை 200 மில்லிமீட்டருக்கும் குறைவு. கிழக்கே ஆரவல்லி மலையை நெருங்க நெருங்க மழை கூடுகிறது. இங்கே தென்மேற்குக் காற்று சித்திரையிலேயே வலுக்கத் தொடங்குகிறது. மழையோ ஆனி மாதத்திற்குப் பின்னரே வந்து சேர்கிறது. காற்று வந்தும் மழை வராத அந்த இடைக்காலமே மணல் நடக்கும் காலம். அப்போது வயல்கள் வெறுமையாய்க் கிடக்கின்றன. புல் காய்ந்து கிடக்கிறது.

இவ்வுண்மையைப் பழங்காலமும் மெய்ப்பிக்கிறது. மணற்பரல் ஒன்று கடைசியாகச் சூரிய ஒளியைக் கண்டது எப்போது என்பதை அதனுள் சேர்ந்துள்ள ஆற்றலைக் கொண்டு அளக்கலாம். அகமதாபாத்திலுள்ள இயற்பியல் ஆராய்ச்சிக் கூடத்தினர் இம்முறையில் தார் குன்றுகளின் வயதைக் கணித்தனர். பூமி மிகவும் குளிர்ந்தும் வறண்டும் இருந்த காலம் சுமார் 20,000 ஆண்டுகளுக்கு முற்பட்டது. குன்றுகள் அப்போதே மிகுதியாக வளர்ந்திருக்கும் என்று நாம் எண்ணுவோம். ஆனால் அவ்வாறு நிகழவில்லை. அக்காலத்தில் தென்மேற்குக் காற்று தளர்ந்திருந்தது. பின்னர், ஏறத்தாழ 14,000 ஆண்டுகளுக்கு முன், பருவக்காற்று மீண்டும் வலுப்பெறத் தொடங்கியபோதே குன்றுகள் ஓங்கி வளர்ந்தன. காற்று வந்துவிட்டது, மண்ணை மூடும் அளவுக்கு மழை இன்னும் வரவில்லை. மழை பெருகிய பிறகு குன்றுகள் அடங்கின. அவற்றின் மீது புல்லும் மரமும் படர்ந்தன. இன்று குஜராத்திலும் ஹரியானாவிலும் அத்தகைய உறங்கும் குன்றுகள் பல உள்ளன. அவற்றின் மீது உழவும் நடைபெறுகிறது.

தமிழ்நாட்டு நேயர்கள் இதனை விளங்கிக்கொள்ளத் தூத்துக்குடி மாவட்டத்துச் செந்நிறத் தேரிகளை எண்ணிப் பார்க்கலாம். தென்மேற்குப் பருவக்காற்று மலைக்கு மேற்கே மழையைப் பொழிந்துவிட்டு, ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியே வெறுங்காற்றாகப் பாய்கிறது. மழையில்லாக் காற்று வீசும் நிலத்தில் மணல் குவிகிறது. பனையும் உடைமரமும் வேரூன்றிய இடங்களில் அம்மணல் அடங்கிக் கிடக்கிறது.

இனி நம் காலத்திற்கு வருவோம். பூமி வெப்பமடைவதால் மழை எங்கும் குறைந்துவிடும் என்று கொள்வதற்கில்லை. வெப்பக் காற்று மிகுதியான நீராவியைத் தாங்கும். வடமேற்கு இந்தியாவில் அண்மைப் பத்தாண்டுகளில் பருவமழை கூடியிருப்பதை ஆய்வாளர்கள் கண்டுள்ளனர். இந்நூற்றாண்டின் முதல் பதினைந்து ஆண்டுகளில் கோடைக்காலத் தூசி குறைந்துவந்ததைச் செயற்கைக்கோள் அளவைகளும் காட்டின. இது நற்செய்தியே. எனினும் இதைக் கொண்டு நாம் கண்ணயர்ந்துவிடலாகாது. வெப்பம் ஏறினால் மண்ணின் ஈரம் விரைவில் உலர்கிறது. பல நாட்களில் பரவிப் பெய்ய வேண்டிய மழை சில நாட்களில் கொட்டித் தீர்க்கிறது; கொட்டிய நீர் வேருக்கு உதவாமல் ஓடிப் போகிறது. ஆண்டு மழையின் கூட்டுத்தொகை உயர்ந்தாலும், காற்றுக்கும் மழைக்கும் உள்ள இடைவெளி ஓராண்டில் நீண்டுவிட்டால் அவ்வாண்டு மணலுக்கு உரியதாகிவிடும்.

தூசியும் இம்மாறுதலுக்கு ஆட்படுவதோடு நில்லாமல், தானும் பருவத்தை மாற்றுகிறது. இமயத்தின் பனி மீது படியும் தூசி அதன் வெண்மையைக் குறைக்கிறது. மங்கிய பனி மிகுந்த வெயிலை உட்கொண்டு முன்னதாகவே உருகுகிறது. அரபு நாடுகளிலிருந்து அரபிக்கடலின் மேல் பரவும் தூசியோ, வெயிலை ஈர்த்துக் காற்றைச் சூடாக்கி, ஈரக்காற்றை நம் நாட்டின் பக்கம் இழுத்து மழைக்குத் துணைசெய்யவும் கூடும். ஆகவே தூசியை முற்றும் தீயதென்று ஒதுக்குவதும் பொருந்தாது.

காற்றின் வேகம் நம் கையில் இல்லை. மழையின் நாளும் நம் கையில் இல்லை. வேர் மட்டும் நம் கையில் உள்ளது. மேற்கு இராஜஸ்தானத்தில் ஒட்டகம் பூட்டிய மரக்கலப்பை மண்ணை மேலாகக் கீறிச் சென்றது. புதர்களின் வேர் தப்பிப் பிழைத்தது. டிராக்டர் வந்தபின் குன்றின் சரிவும் ஆழ உழப்பட்டது. மணலைப் பற்றிநின்ற ‘போக்’ என்னும் புதரை விறகுக்கும் கரிக்கும் வேரோடு பெயர்த்தனர். அவ்விடங்களில் நூறாண்டு உறங்கிய மணலும் எழுந்து நடக்கிறது. ஒரு பருவம் அதிகம் விளைந்த மகிழ்ச்சி, மறு பருவம் வேலியும் கிணறும் மணலில் புதையும்போது மறைந்துவிடுகிறது.

பரிகாரமும் அந்நிலத்திலேயே காணப்பட்டது. ஜோத்பூரில் 1952இல் பாலைவனக் காடுவளர்ப்பு நிலையம் ஒன்று தொடங்கப்பட்டது. 1959இல் அது மத்திய வறண்ட மண்டல ஆராய்ச்சி நிலையமாக வளர்ந்தது. அதன் வழி எளியது. முதலில் குன்றைச் சுற்றி வேலியிட்டு ஆடுமாடுகளைத் தடுக்க வேண்டும். அடுத்து, காற்றுக்குக் குறுக்கே காய்ந்த புதர்க் கிளைகளை வரிசை வரிசையாக ஊன்ற வேண்டும். அவ்வரிசைகளின் மறைவில், மழை தொடங்கியதும் புல்லையும் மரக்கன்றுகளையும் நட வேண்டும். மழை வரும் வரை காய்ந்த கிளை காக்கிறது. வந்தபின் உயிருள்ள வேர் காக்கிறது. காற்றுக்கும் மழைக்கும் உள்ள இடைவெளியை மனிதன் நிரப்பும் முறை இதுவே.

இந்நிலத்து மக்கள் இதனை முன்னரே உணர்ந்திருந்தனர். நாம் வன்னி என்று வழங்கும் மரத்தை அவர்கள் கேஜ்ரி என்கின்றனர். அதன் ஆழ்ந்த வேர் மணலைப் பற்றுகிறது. இலை ஆட்டுக்கும் ஒட்டகத்துக்கும் தீவனமாகிறது. 1730இல் ஜோத்பூருக்கு அருகே கேஜ்ரலி என்னும் சிற்றூரில் அம்மரங்களை வெட்ட வந்தபோது, அவற்றைத் தழுவி நின்று 363 பிஷ்னோயி மக்கள் உயிர் துறந்தனர் என்பது அந்நாட்டு வரலாறு.

அடுத்த முறை நம் மேசை மீது படியும் புழுதியைத் துடைக்கும்போது ஒன்றை நினைவிற் கொள்வோம். அதில் ஒரு பகுதி எங்கோ ஒரு வயலின் மேல்மண். ஓர் உழவன் இழந்த விளைச்சல். மாறிவரும் பருவம் காற்றை எவ்வாறு ஏவினாலும், அந்த வயலில் வேர் இருந்தால் மண் அங்கேயே நிற்கும்.