பேத்தியை நடுங்க வைத்த டி.வி.!

பிள்ளைகள் வெளிநாட்டில் இருக்கும் அம்மாக்களுக்கு இது உபயோகப்படும் என்றுதான் எழுதுகிறேன். என் தப்பை நானே சொல்வதில் எனக்கு வெட்கமில்லை.

2023 அக்டோபரில் மகன் வீட்டுக்குப் போயிருந்தேன். அமெரிக்காவில் அரிசோனா மாநிலம், பீனிக்ஸ் நகரம். "அம்மா, உன்னை கிராண்ட் கேன்யன் கூட்டிட்டுப் போறேன். ஹோட்டல் வேண்டாம், வீட்டையே எடுத்துட்டுப் போயிடலாம்" என்றான். ஆர்.வி. என்கிற வண்டியை வாடகைக்கு எடுத்தான். சினிமாக்காரர்களின் கேரவன் மாதிரி, 25 அடி நீளம். உள்ளேயே கட்டில், காஸ் அடுப்பு, ஃப்ரிட்ஜ், குளியலறை, டி.வி. எல்லாம் உண்டு. மகன், மருமகள், ஒன்றரை வயதுப் பேத்தி, நான் என்று நாலு பேர் கிளம்பினோம்.

எனக்கு ஒரு பழக்கம். என்னவர் காலமாகி நாலு வருஷம் ஆகிறது. அதிலிருந்து ராத்திரியில் டி.வி. சத்தம் இருந்தால்தான் எனக்குத் தூக்கம் வரும். என்ன ஓடுகிறது என்பது முக்கியமில்லை. மனுஷக் குரல் கேட்க வேண்டும், அவ்வளவுதான். இதை மகனிடமும் சொன்னதில்லை, மருமகளிடமும் சொன்னதில்லை. வண்டியில் டி.வி.யைப் பார்த்ததும் மனசுக்குள் ஒரு நிம்மதி.

முதல் நாள் ராத்திரி ஃப்ளாக்ஸ்டாஃப் என்ற மலை ஊரில் தங்கினோம். தனியார் நடத்தும் இடம். ஒவ்வொரு வண்டிக்கும் பக்கத்தில் கரண்டு கம்பம், தண்ணீர்க் குழாய், கேபிள் டி.வி. இணைப்பு. வயரைச் செருகியதும் வீடு மாதிரியே டி.வி. தெரிந்தது. பக்கத்து வண்டிப் பெரியவர் மட்டும் கிண்ணம் போன்ற டிஷ் ஆன்டெனாவைத் தூக்கிக்கொண்டு பைன் மரங்களுக்கு நடுவே அலைந்துகொண்டிருந்தார். அமெரிக்காவில் டிஷ்ஷுக்குத் தெற்கு வானம் மறைவில்லாமல் தெரிய வேண்டுமாம். ஒரு மரம் குறுக்கே வந்தாலும் படம் வராதாம். "பாவம், நம்ம ஊர் மொட்டை மாடி அவருக்கு இல்லையே" என்று சொல்லிச் சிரித்தோம்.

இரண்டாம் நாள் கிராண்ட் கேன்யன். தெற்குக் கரையில் மாதர் கேம்ப்கிரவுண்ட் என்ற இடத்தில் நிறுத்தினோம். அழகான காடு, மான் வந்து எட்டிப் பார்க்கிறது. ஆனால் வண்டிக்குக் கரண்டு கொடுக்கும் கம்பம் அங்கே கிடையாது. கேபிளும் இல்லை. எல்லாம் வண்டியில் இருக்கும் பேட்டரியில்தான் ஓட வேண்டும். வண்டிக்குள் ஜெனரேட்டர் உண்டு. ஆனால் ராத்திரி 10 மணியிலிருந்து காலை 6 மணி வரை மற்றவர் தூக்கத்தைக் கெடுக்கும் சத்தம் எதுவும் கூடாது என்பது அங்கே சட்டம்.

அந்தக் கரை கடல் மட்டத்திலிருந்து சுமார் 7,000 அடி உயரம், நம்ம கொடைக்கானல் மாதிரி. அக்டோபர் ராத்திரியில் ஸ்வெட்டருக்கு மேல் ஸ்வெட்டர் போட வேண்டியிருந்தது. ஹீட்டரைப் போட்டுவிட்டு மூவரும் பின்பக்க அறையில் படுத்துவிட்டார்கள். சாப்பாட்டு மேஜையை மடக்கினால் கட்டிலாகிவிடும், அதில் நான் படுத்தேன். தூக்கம் வரவில்லை. மகன் பென் டிரைவில் பழைய படங்கள் போட்டு வைத்திருந்தான். இன்வெர்ட்டரை எப்படிப் போடுவது என்று முந்தின நாளே பார்த்து வைத்திருந்தேன். பத்து மணிக்கு மெல்ல டி.வி.யைப் போட்டு, சத்தத்தைக் குறைத்து வைத்தேன். எப்போது கண் அசந்தேனோ தெரியாது.

மூன்று மணி இருக்கும். 'பீப் பீப்' என்று ஒரு சத்தம். டி.வி. அணைந்திருந்தது. ஹீட்டரிலிருந்து வெறும் குளிர்காற்று சோர்ந்து போய் வந்து, பிறகு அதுவும் நின்றது. காஸ் கசிவைக் காட்டும் கருவிதான் கத்தியது. கசிவு இல்லை, பேட்டரி இறங்கியதால் கத்தியிருக்கிறது. குழந்தை எழுந்து அழ ஆரம்பித்தாள். கையும் காலும் ஜில்லிட்டிருந்தன.

பதறிப்போய், "அடுப்பைப் பத்த வைக்கட்டுமா? கொஞ்சம் சூடாகுமே" என்று எழுந்தேன். மருமகள் கையைப் பிடித்துக்கொண்டாள். "வேண்டாம் அத்தை! மூடின வண்டியில அடுப்பை எரிச்சு குளிர் காயக் கூடாது. கார்பன் மோனாக்சைடு வரும். வாசனையே தெரியாது, தூக்கத்திலேயே உயிர் போயிடும்" என்றாள். குழந்தையை நடுவில் போட்டு, கம்பளி, சால்வை, என் சுங்குடிப் புடவை என்று இருந்த எல்லாவற்றையும் போர்த்தி, மூன்று பேரும் விடியும் வரை அணைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம்.

விடிந்ததும் மகனுக்குக் கோபம். முதலில் வண்டி வாடகைக்கு விட்டவர்கள் மேல், "ஓட்டை பேட்டரியைக் கொடுத்து ஏமாத்திட்டாங்க" என்றான். பிறகு மருமகளைப் பார்த்து, "பால் சுட வைக்க நீதானே இன்வெர்ட்டரைப் போட்டே? அணைச்சியா இல்லையா?" என்று கத்தினான். அவள், "அணைச்சதாத்தான் ஞாபகம்" என்று முணுமுணுத்துவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டாள்.

நான் வாயைத் திறக்கவில்லை, தோழியரே. அதுதான் நான் செய்த பெரிய தப்பு. உலகமே வந்து பார்க்கும் அந்தப் பள்ளத்தாக்கு என் கண்ணுக்கு முன்னால் விரிந்து கிடக்கிறது. எனக்கோ அவள் குனிந்த தலைதான் தெரிகிறது. மகன் சொன்னதற்கெல்லாம் 'உம்' கொட்டிக்கொண்டே நடந்தேன்.

மத்தியானம் தயிர்சாதம் பிசைந்து கொடுக்கும்போது தாங்க முடியவில்லை. "அவ போடலைடா. நான்தான் ராத்திரி பூரா டி.வி. போட்டேன். வாடகைக்காரங்களையும் திட்டாதே" என்று சொல்லிவிட்டேன். ஏன் போட்டேன் என்பதையும் சொன்னேன். மகன் பேசவே இல்லை. மருமகள்தான் முதலில் பேசினாள். "தனியா தூக்கம் வரலைன்னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே அத்தை" என்றாள். மகன் அவளிடம், "ஸாரி" என்றான். எனக்குப் பாதி பாரம் இறங்கியது.

பிறகு அவளே ஒரு காகிதத்தில் கணக்குப் போட்டுக் காட்டினாள். பேட்டரி 100 ஆம்பியர்-ஹவர். சாதாரண லெட்-ஆசிட் பேட்டரியில் பாதியைத்தான் செலவு செய்யலாம், ஆக கையிருப்பு 50. டி.வி.யும் இன்வெர்ட்டரும் சேர்ந்து மணிக்கு 5 வீதம் ஐந்து மணி நேரத்துக்கு 25. ஹீட்டர் எரிவது காஸில்தான், ஆனால் அதன் விசிறி பேட்டரியில் ஓடுகிறது. அது விட்டு விட்டு ஓடியதில் 20. விளக்கு, தண்ணீர் பம்ப் சேர்த்தால் 50 காலி! மாசக் கடைசியில் சம்பளப் பணத்தை எண்ணுகிற நமக்கு இந்தக் கணக்கு புரியாதா என்ன? முன்பே யாரும் எனக்குச் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

அன்று ராத்திரி அவள் தன் பழைய டேப்லெட்டில் பாட்டுக் கச்சேரியும் இரண்டு படமும் இறக்கி, இயர்போனோடு என் தலையணைக்குப் பக்கத்தில் வைத்தாள். அரை மணியில் தானே அணைந்துவிடும்படியும் செய்திருந்தாள். நன்றாகத் தூங்கினேன்.

இப்படிப் பயணம் போகும் அம்மாக்களுக்கு நான் கற்றுக்கொண்டதைச் சொல்கிறேன்.

* கரண்டு கம்பம் உள்ள இடமென்றால் டி.வி. எவ்வளவு நேரமும் பார்க்கலாம். கேபிள் இருக்கிறதா என்று இடம் பதிவு செய்யும்போதே கேட்டுக்கொள்ளுங்கள்.

* வண்டிக் கூரையில் ஆன்டெனா இருக்கும். ஊருக்குப் பக்கத்தில் உள்ளூர்ச் செய்தியும் வானிலையும் இலவசமாக வரும். அமெரிக்காவில் பெரிய நிலையங்கள் 2009 ஜூனிலேயே டிஜிட்டலுக்கு மாறிவிட்டதால், ஒவ்வோர் ஊரிலும் சேனலைப் புதிதாகத் தேட வைக்க வேண்டும். ஆன்டெனாவின் பூஸ்டர் பட்டனைப் போட மறக்காதீர்கள். கேபிள் பார்க்கும்போது அதை அணைத்துவிடுங்கள். உயர்த்துகிற வகை ஆன்டெனா என்றால், கிளம்பும் முன் கீழே இறக்கிவிடுங்கள்.

* செல்போன் இன்டர்நெட்டில் பார்த்தால், தெளிவான படத்துக்கு மணிக்கு 3 ஜி.பி. வரை செலவாகும். காட்டிலும் பள்ளத்தாக்கிலும் சிக்னலே கிடைக்காமல் போகலாம்.

* சாட்டிலைட் இன்டர்நெட் தரும் ஸ்டார்லிங்க் 2022 முதல் ஆர்.வி.க்களுக்கும் கிடைக்கிறது. அதற்கும் திறந்த வானம் வேண்டும், அது டி.வி. அளவுக்கே கரண்டும் தின்னும்.

* எல்லாவற்றிலும் சுலபம், வீட்டிலேயே வேண்டியதை டேப்லெட்டில் இறக்கிக்கொண்டு போவது. அதற்குக் கரண்டும் கொஞ்சம்தான் ஆகும்.

* பேட்டரியில் இருக்கும் ராத்திரிகளில் முதல் உரிமை ஹீட்டருக்கு. படுக்கும் முன் இன்வெர்ட்டரை அணைத்தாயிற்றா என்று பாருங்கள். கார்பன் மோனாக்சைடு அலாரம் வேலை செய்கிறதா என்று முதல் நாளே அழுத்திப் பாருங்கள்.

கடைசியாக ஒன்று. நம் பழக்கம் எதுவானாலும் பிள்ளைகளிடம் முதலிலேயே சொல்லிவிடுவோம். என் மருமகள் இப்போது ராத்திரி போன் செய்தால், "டேப்லெட்ல சார்ஜ் இருக்கா அத்தை?" என்றுதான் ஆரம்பிக்கிறாள்.

- ஒரு வாசகி, மதுரை.