கழுவேலியில் ஒரு கணக்கு

"பறவையை எண்ணுவதெல்லாம் ஒரு வேலையா?" என்று ஹாஸ்டலில் என்னைக் கேட்காத ஆளில்லை. நண்பர்களே, அதற்குப் பதில்தான் இந்தக் கட்டுரை.

நம் மாவட்டத்தில் வானூர், மரக்காணம் பகுதிகளில் பரந்து கிடக்கிறது கழுவேலி. சுற்றுவட்டார ஏரிகளின் உபரிநீர் ஒரு பக்கம் வந்து சேர, மறுபக்கம் முகத்துவாரம் வழியாகக் கடல்நீர் ஏறி வருகிறது. இரண்டும் கலக்கும் ஆழமில்லாத நீரில் மீனும் புழுவும் பூச்சியும் ஏராளம். அதைத் தேடித்தான் குளிர்காலத்தில் வடக்கு ஆசியாவிலிருந்து வாத்துகளும் உள்ளான்களும் வருகின்றன. 2021-ல் தமிழக அரசு இதைப் பறவைகள் சரணாலயமாக அறிவித்தது. பரப்பு 5,151 ஹெக்டேர். 2024-ல் ராம்சர் பட்டியலிலும் சேர்ந்தது.

ராம்சர் என்பது ஈரானில் உள்ள ஊர். நீர்நிலைகளைக் காக்கும் உலக ஒப்பந்தம் 1971-ல் அங்கேதான் உருவானது. ஒரு நீர்நிலையைப் பட்டியலில் சேர்க்க அது வைத்திருக்கும் அளவுகோல்களில் இரண்டு: வழக்கமாக 20,000 நீர்ப்பறவைகள் தங்க வேண்டும், அல்லது ஓர் இனத்தின் மொத்தத் தொகையில் 1 சதவீதமாவது அங்கே இருக்க வேண்டும். யாராவது எண்ணினால்தானே இது தெரியும்? 1987 முதல் ஜனவரிதோறும் ஆசிய நீர்ப்பறவைக் கணக்கெடுப்பு நடக்கிறது. எண்ணுகிறவர்களில் பெரும்பாலோர் நம்மைப் போன்ற தன்னார்வலர்கள்தான்.

விழுப்புரத்து நண்பர்கள் ரயிலில் திண்டிவனம் வந்துவிட, அங்கிருந்து எல்லோரும் மரக்காணம் பஸ் பிடித்தோம். வனத்துறை அனுமதியை எங்கள் குழுவின் பெரியவர் முன்பே வாங்கியிருந்தார். சூரியன் முதுகுப்பக்கம் இருக்கும்படி கரையில் நின்றோம். கிட்டே போனால் பறவை எழும்பிவிடும். கணக்கும் கெடும், அதன் இரையும் கெடும்.

வாத்துக் கூட்டத்தைப் பார்த்ததும் நான் "5,000" என்று எழுதிவிட்டேன்.

"எப்படி எண்ணினே தம்பி?"

"பார்த்தா அப்படித்தான் தெரியுது சார்."

"முதல்ல இருபதை மட்டும் எண்ணு. அது எவ்வளவு இடத்தை அடைக்குதுன்னு மனசுல வாங்கிக்க. அந்த மாதிரி எத்தனை கட்டம் இருக்குன்னு பாரு."

62 கட்டம் வந்தது. அதாவது 1,240! பக்கத்தில் தனியாக எண்ணிய நண்பனுக்கு 1,180.

"கூட எழுதினா ஏரிக்கு நல்லதுதானே சார்?" என்றேன்.

"அடுத்த வருஷம் ஒருத்தன் ஒழுங்கா 1,200னு எழுதுவான். பறவை அழிஞ்சிடுச்சுன்னு கூச்சல் கிளம்பும். அப்புறம் நிஜமாவே குறையறப்போ எவன் நம்புவான்?"

சர்வே ஃபீல்டு புக்கில் ரீடிங்கைத் திருத்தினால் நம் சார் ஏன் கோபப்படுகிறார் என்பது அன்றுதான் எனக்குப் புரிந்தது. பறவையே இல்லாத இடத்துக்கும் பூஜ்யம் என்று எழுத வேண்டும், அதுவும் கணக்குதான்.

ஆடு மேய்த்த ஒரு தாத்தா, "அளக்க வந்தீங்களாப்பா? நிலத்தை எடுக்கப் போறாங்களா?" என்று பயந்துபோய்க் கேட்டார். உட்கார்ந்து விளக்கினோம். பிறகு எந்தப் பள்ளத்தில் எந்தப் பறவை மேயும் என்று அவரே கூட்டிப்போய்க் காட்டினார். ஊர்க்காரர்களின் பயத்தைப் போக்காமல் எந்தச் சரணாலயமும் நிலைக்காது.

இதற்குப் பெரிய படிப்பு வேண்டாம். நாலு பேருக்கு ஒரு பைனாகுலர், மங்கிய நிறச் சட்டை, ஒரு நோட்டு, பென்சில் போதும். வரும் ஜனவரியில் ஒரு ஞாயிற்றுக்கிழமையை ஒதுக்குங்கள். மரக்காணம் பஸ்ஸில் இடம் பிடித்து வைக்கிறேன்!