மாங்கன்று பசியை எந்த இலையில் சொல்லும்?

அக்கா வீட்டுக் கொல்லையில் ஒரு மாங்கன்று வைத்திருக்கிறார்கள். இரண்டடி உயர ஒட்டுக்கன்று. ஆறாம் வகுப்புப் படிக்கும் அக்கா மகள்தான் அதற்குத் தண்ணீர் ஊற்றுவாள், ஆடு வந்தால் விரட்டுவாள். ஒரு நாள் போனில் அழாத குறையாகப் பேசினாள்.

"மாமா, கன்னு கருகுது. நான் நல்லதுன்னு நெனச்சுத்தான் செஞ்சேன்."

நடந்தது இதுதான். கன்றின் நுனியில் புதுத் தளிர் வந்திருந்தது. பச்சையாக இல்லாமல் செம்பு நிறத்தில் இருந்தது. சத்துக் குறைந்துவிட்டது என்று நினைத்தவள், வயலுக்கு வாங்கி வைத்திருந்த யூரியாவில் இரண்டு கைப்பிடி அள்ளித் தூரிலேயே போட்டுவிட்டாள். நாலைந்து நாளில் இலை ஓரமெல்லாம் தீய்ந்துவிட்டது.

பிள்ளைகளே, அவள் யோசித்ததில் பாதி சரி. இலையின் பச்சைக்கும் உரத்துக்கும் நெருங்கிய உறவு உண்டு. இலைக்குப் பச்சை நிறம் தருவது பச்சையம். அதன் ஒரு மூலக்கூறின் நடுவில் ஒரு மக்னீசியம் அணுவும், அதைச் சுற்றி நான்கு நைட்ரஜன் அணுக்களும் இருக்கும். இலையில் உள்ள புரதங்களுக்கும் நைட்ரஜன் வேண்டும். தழை தழைக்க உதவுவதால்தான் நம் உழவர்கள் அதைத் தழைச்சத்து என்கிறார்கள். பாஸ்பரஸுக்கு மணிச்சத்து என்றும் பொட்டாசியத்துக்குச் சாம்பல் சத்து என்றும் பெயர்.

காற்றில் 78 விழுக்காடு நைட்ரஜன்தான். அந்தக் காற்றுக்குள்ளேயே நிற்கும் கன்றுக்கு ஏன் பசிக்கிறது? காற்றில் நைட்ரஜன் அணுக்கள் இரண்டிரண்டாக, மூன்று பிணைப்புகளால் இறுகப் பற்றிக்கொண்டிருக்கின்றன. அந்தப் பிடியை அவிழ்க்க மாமரத்தால் முடியாது. மின்னலால் முடியும். தட்டைப்பயறு, கொளுஞ்சி போன்ற செடிகளின் வேர்முடிச்சில் குடியிருக்கும் பாக்டீரியாவாலும் முடியும். மனிதர்கள் இந்த வித்தையை மெதுவாகத்தான் கற்றார்கள். ஜெர்மனியின் ஃபிரிட்ஸ் ஹேபர் 1909-இல் காற்றிலுள்ள நைட்ரஜனை ஹைட்ரஜனோடு சேர்த்து அம்மோனியா ஆக்கிக் காட்டினார். கார்ல் போஷ் அதைப் பெரிய தொழிலாக வளர்த்தார். 1913-இல் ஆலை ஓடத் தொடங்கியது. அந்த அம்மோனியாவிலிருந்துதான் இன்று யூரியா செய்கிறார்கள். 100 கிராம் யூரியாவில் 46 கிராம் நைட்ரஜன் இருக்கிறது.

அப்படிப்பட்ட நல்ல உணவு கன்றை ஏன் கருக்கியது? ஒரு வெள்ளரித் துண்டின் மேல் உப்பைத் தூவி, கால் மணி நேரம் கழித்துப் பாருங்கள். துண்டு துவண்டிருக்கும், தட்டில் நீர் தேங்கியிருக்கும். உப்பு அடர்ந்த பக்கம் நோக்கி வெள்ளரியின் நீர் வெளியேறிவிட்டது. யூரியா கரைந்து அடர்ந்த மண்ணிலும் இதே கதைதான். வேர் நீரை உறிஞ்சத் திணறும். யூரியாவிலிருந்து பிறக்கும் அம்மோனியாவும் இளம் வேரைச் சுடும். பெரிய மரம் என்றால் வேர் பல திசையில் ஓடியிருக்கும், ஒரு பக்கம் சுட்டாலும் மறுபக்கம் நீர் எடுக்கும். இந்தக் கன்றின் வேரோ, அது வளர்ந்து வந்த பையின் அளவைக் கூட இன்னும் அதிகம் தாண்டவில்லை.

அப்படியானால் எவ்வளவு போடலாம்? தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் சொல்லும் கணக்கில், மாங்கன்றுக்கு முதல் ஆண்டில் 10 கிலோ தொழுவுரமும் 200 கிராம் தழைச்சத்தும் வேண்டும். அதோடு மணிச்சத்தும் சாம்பல் சத்தும் உண்டு. மரம் வளர வளர அளவும் கூடும். 6-ஆம் ஆண்டிலிருந்து தழைச்சத்து 1 கிலோ. உரத்தைத் தூரிலிருந்து ஒன்றரை அடியாவது தள்ளி, சுற்றிலும் தூவி மண்ணோடு கலந்துவிட வேண்டும்.

200 கிராமையும் ஒரே நாளில் கொட்டக் கூடாது. மண்ணில் யூரியா கடைசியில் நைட்ரேட்டாக மாறும். நைட்ரேட் நீரில் எளிதாகக் கரையும். ஒரு பெருமழை அதைக் குட்டை வேருக்கு எட்டாத ஆழத்துக்கு இழுத்துப் போய்விடும். கன்றுக்கும் பயனில்லை, நிலத்தடி நீரும் கெடும். அதனால் சிறு பிள்ளைக்குச் சோறூட்டுவது போலக் கொஞ்சம் கொஞ்சமாகப் பிரித்துக் கொடுக்க வேண்டும். தொழுவுரம் இந்த வேலையைத் தானாகவே செய்யும். நுண்ணுயிர்கள் அதைச் சிதைக்கச் சிதைக்கத்தான் சத்து வெளியே வரும்.

சரி, அந்தச் செம்புத் தளிர்? அது பசியின் அடையாளமே இல்லை. மாந்தளிர் பிறக்கும்போதே ஆந்தோசயனின் என்ற சிவப்பு நிறமியோடு பிறக்கிறது. பச்சையம் நிரம்ப நிரம்பத் தானாகப் பச்சையாகிவிடும்.

கன்றுக்கு உண்மையிலேயே தழைச்சத்துப் பசி வந்தால், அதைச் சொல்வது அடியில் இருக்கும் முதிர்ந்த இலைகள். சத்துப் போதாதபோது கன்று அந்த இலைகளின் புரதத்தை உடைத்து, அதிலுள்ள நைட்ரஜனை நுனித் தளிருக்கு அனுப்பிவிடுகிறது. மூத்த இலை தன் பங்கைக் கொடுத்துவிட்டு மஞ்சளாகிறது. இரும்பு அப்படி எளிதில் இடம் மாறாது. அதனால் இரும்புச் சத்துக் குறைந்தால் இளம் இலைதான் வெளுக்கும், நரம்பு மட்டும் பச்சையாக நிற்கும். எப்போதாவது ஓர் அடி இலை பழுத்து விழுந்தால் பயப்பட வேண்டாம், அது முதுமை. அடி இலைகள் பலவும் சேர்ந்து வெளுத்து, கன்றும் வளராமல் நின்றால்தான் பசி. தண்ணீர் தேங்கினாலும் இலை மஞ்சளாகும் என்பதால், உரப்பையைத் தொடுமுன் மண்ணைத் தொட்டுப் பாருங்கள்.

அன்று தூரில் மிச்சமிருந்த யூரியாவை மண்ணோடு வழித்தெடுக்கச் சொன்னேன். கரைந்து இறங்கியதை அலசிவிட, தண்ணீர் வடிய வடிய இரண்டு மூன்று நாள் ஊற்றச் சொன்னேன். தீய்ந்த இலைகள் உதிர்ந்தன. இரண்டு மாதம் கழித்து மறுபடி போன் வந்தது.

"மாமா, புதுத் தளிர் வந்திருக்கு. நல்லா செவப்பா இருக்கு. நான் அடி இலையத்தான் மொதல்ல பாத்தேன், எல்லாம் பச்சையாத்தான் இருக்கு. அதனால ஒண்ணும் போடல."